கென்டக்கி டெர்பியில் பெண்குதிரைகள்

அமெரிக்காவின் லூயிவில் நகரில், சர்ச்சில் டவுன்ஸ் பந்தயத் திடலில் 1875 முதல் ஆண்டு தவறாமல் நடந்துவரும் கென்டக்கி டெர்பியை இதுவரை மூன்று பெண்குதிரைகளே வென்றிருக்கின்றன: 1915இல் ரிக்ரெட், 1980இல் ஜெனுயின் ரிஸ்க், 1988இல் வின்னிங் கலர்ஸ். மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம் இது. ஆண், பெண், காயடித்தது எதுவும் ஓடலாம். தூரம் இன்று ஒன்றேகால் மைல். இன்றைய விதிப்படி ஆண்குதிரை 126 பவுண்டு சுமந்து ஓட வேண்டும். ஃபில்லி எனப்படும் இளம் பெண்குதிரைக்கு 5 பவுண்டு சலுகை உண்டு, 121 போதும். கதவு திறந்தே இருந்தும், ஒன்றரை நூற்றாண்டில் அதன் வழியே உள்ளே வந்த பெண்குதிரைகள் ஏறக்குறைய நாற்பதுதான்.

உடல்வலிமை போதாததே இதற்குக் காரணம் என்று பந்தய உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மேல்தரத்தில் ஆண்குதிரை சராசரியாகச் சற்று வேகம் கூடியதுதான். ஆனால் மனித ஓட்டப்பந்தயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கும் இடைவெளியோடு ஒப்பிட்டால் குதிரைகளிடையே உள்ளது மிகச் சிறியது. அந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் எடைச் சலுகையே ஏற்பட்டது. ஆகவே நாற்பது என்ற எண்ணிக்கைக்கு விளக்கம் தேடுபவர் குதிரையின் கால்களைப் பார்ப்பதைவிட அதன் உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது நல்லது.

கணக்கு இங்கிலாந்தில் தொடங்குகிறது. எப்சம் திடலில் 1779இல் மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கென்று ஓக்ஸ் பந்தயம் ஏற்பட்டது. மறு ஆண்டு இருபாலுக்கும் பொதுவான டெர்பி வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே திடலில் நடந்தன. பெண்குதிரை வைத்திருப்பவருக்குப் பிற பெண்குதிரைகளோடு மட்டும் மோதிப் பெரிய பரிசு வாங்க ஒரு வழி இருந்தது. அப்படியிருந்தும் துணிந்தவர்கள் உண்டு. 1801இல் சர் சார்ல்ஸ் பன்பரியின் எலியனோர் டெர்பியை வென்று, அடுத்த நாளே ஓக்ஸையும் வென்றது. எப்சம் டெர்பியைக் கைப்பற்றிய முதல் பெண்குதிரை அதுதான். பிளிங்க் பானி 1857இலும், ஷாட்ஓவர் 1882இலும், சிக்னொரினெட்டா 1908இலும், டகாலி 1912இலும் அந்த வரிசையில் சேர்ந்தன. சிக்னொரினெட்டாவுக்கு அன்று பந்தயத் தரகர்கள் கொடுத்த விலை 100க்கு 1. இரண்டு நாள் கழித்து அதுவும் ஓக்ஸை வென்று, முதல் வெற்றி தற்செயல் என்று சொன்னவர்களை வாயடைக்க வைத்தது. முதல் உலகப் போரின் நடுவே, எப்சத்துக்குப் பதிலாக நியூமார்க்கெட்டில் நடந்த 1916ஆம் ஆண்டு டெர்பியை ஃபிஃபினெல்லா வென்றது. ஆறாவது அது. ஏழாவது இன்னும் வரவில்லை.

1902இல் ஓடிய செப்டர் இந்தப் பட்டியலில் இல்லாதது ஒரு விந்தை. கிளாசிக் எனப்படும் ஐந்து பெரும் ஆங்கிலப் பந்தயங்களில் நான்கை ஒரே ஆண்டில் தனித்து வென்ற குதிரை அது ஒன்றே. விட்டுப்போன ஐந்தாவதுதான் டெர்பி. அதில் நான்காவதாக வந்தது. அதன் உரிமையாளர் ராபர்ட் சீவியர் பெரும் சூதாடி. 10,000 கினி கொடுத்து ஒரு வயதுக் குட்டியாக வாங்கியதைத் தானே பயிற்றுவித்து, பணமுடை வரும்போதெல்லாம் ஓடவிட்டார். நிதானமான கையில் இருந்திருந்தால் ஐந்தையும் வென்றிருக்கும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிதானமான உரிமையாளர் அதை 2000 கினீஸிலும் டெர்பியிலும் ஆண்குதிரைகளோடு நிறுத்தியே இருக்கமாட்டார்.

லூயிவிலின் கர்னல் மெரிவெதர் லூயிஸ் கிளார்க் 1870களின் தொடக்கத்தில் ஐரோப்பா சென்று எப்சத்தைப் பார்த்துவிட்டு வந்து, அந்த ஏற்பாட்டை அப்படியே தன் ஊரில் நட்டார். 1875இல் கென்டக்கி டெர்பியும் கென்டக்கி ஓக்ஸும் ஒன்றாகவே பிறந்தன. இன்று ஓக்ஸ் மே மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளியன்றும், டெர்பி சனியன்றும் நடக்கின்றன. 2024இல் டெர்பியின் மொத்தப் பரிசு 50 லட்சம் டாலர், ஓக்ஸின் பரிசு 15 லட்சம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் பத்தொன்பது ஆண்குதிரைகளோடு முட்டிமோதிக் கிடைக்கலாம் என்ற பெரிய பரிசைவிட, பெண்குதிரைகளோடு மட்டும் ஓடி வெல்லும் வாய்ப்பு அதிகமுள்ள சிறிய பரிசைப் பெரும்பாலான உரிமையாளர்கள் விரும்புகிறார்கள்.

இனவிருத்திதான் இன்னும் பெரிய கணக்கு. தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டல் அனுமதி இல்லை; இயற்கையான இணைசேர்ப்பின் வழியே பிறந்த குட்டியைத்தான் பதிவேட்டில் ஏற்பார்கள். அப்படியும் ஒரு பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூறு குதிரைகளுக்கு மேல் சேரும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். ஆகவே டெர்பி வென்ற ஆண்குதிரையின் விலை அன்று மாலையே கோடிக்கணக்கான டாலர் ஏறிவிடுகிறது. பெண்குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டி. ஓக்ஸ் வென்றாலே அதன் குட்டிக்கு நல்ல விலை கிடைத்துவிடும். டெர்பி வென்றால் அது இரட்டிப்பாகப் போவதில்லை. தோற்றாலோ, அடிபட்டாலோ இருப்பதும் போகும். ஆக, பெண்குதிரையை டெர்பியில் நிறுத்துகிறவர் பணத்துக்கு அப்பால் ஏதோ ஒன்றைத் தேடுபவராகவே இருந்தாக வேண்டும்.

ரிக்ரெட்டின் உரிமையாளர் ஹாரி பெய்ன் விட்னிக்குப் பணத்தைப் பற்றிக் கவலை இல்லை. நியூயார்க்கின் பெரும் செல்வந்தர் அவர். குதிரை 1912இல் நியூஜெர்சியில் அவருடைய புரூக்டேல் பண்ணையில் பிறந்தது. பயிற்சியாளர் ஜேம்ஸ் ரோ. இரண்டு வயதில், 1914 ஆகஸ்டில், சாரடோகா திடலில் மூன்றே முறை ஓடியது: சாரடோகா ஸ்பெஷல், சான்ஃபோர்ட், ஹோப்ஃபுல். மூன்றிலும் ஆண்குதிரைகளைத் தோற்கடித்தது. ஒரே பருவத்தில் இந்த மூன்றையும் எந்தக் குதிரையும் அதற்கு முன் வென்றதில்லை. பிறகு எட்டு மாதத்துக்கு மேல் பந்தயமே இல்லாமல், 1915 மே 8 அன்று நேராக டெர்பியில் இறங்கியது. இன்றைய பயிற்சியாளர் யாரும் எண்ணிப் பார்க்காத துணிச்சல் இது.

அந்தப் பந்தயம் நடக்காமலும் போயிருக்கலாம். முந்தைய நாள் லூசிடேனியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி அயர்லாந்துக் கரையருகே மூழ்கடித்தது. இறந்தவர்களில் விட்னியின் மைத்துனர் ஆல்ஃபிரெட் வாண்டர்பில்ட்டும் ஒருவர். ஆனாலும் குதிரை விலக்கப்படவில்லை. பதினாறு குதிரைகள் ஓடின. 112 பவுண்டு சுமந்த ரிக்ரெட்டை ஜாக்கி ஜோ நாட்டர் புறப்பட்ட நொடியிலேயே முன்னுக்குக் கொண்டுவந்தார்; கடைசிவரை வேறெந்தக் குதிரையும் அதன் முன்னால் வரவில்லை. பெப்பிள்ஸ் இரண்டு குதிரை நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்தது.

கென்டக்கி டெர்பி அன்று இன்றிருக்கும் டெர்பி அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நலிந்து, ஒரு தென்மாநிலத்து உள்ளூர் விழாவாகச் சுருங்கியிருந்தது. மாட் வின் என்பவர் 1902இல் நிர்வாகத்தில் நுழைந்து அதைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நியூயார்க் செல்வந்தர் ஒருவர் தன் சிறந்த குதிரையை லூயிவிலுக்கு அனுப்பியதும், அது பெண்குதிரையாக இருந்து வென்றதும் நாடெங்கும் செய்தியாயின. டெர்பிக்கு அமெரிக்க அளவிலான பெயர் கிடைத்தது அன்றுதான் என்று வின் பிற்காலத்தில் கருதினார். ஆண்குதிரைகளின் பந்தயம் என்று பின்னாளில் பெயரெடுத்த ஒன்றுக்கு விளம்பரம் தேடித் தந்தது ஒரு பெண்குதிரை.

1915 வேறு வகையிலும் தனித்த ஆண்டு. அதே ஆண்டு பிரீக்னஸ் பந்தயத்தை ரைன் மெய்டனும், கோடைக்காலத்தின் பெரிய பந்தயமான ட்ராவர்ஸை லேடி ரோதாவும் வென்றன, இரண்டும் பெண்குதிரைகள். இப்படி ஓர் ஆண்டு மறுபடி வரவில்லை.

ரிக்ரெட் மொத்தம் ஓடியது 11 பந்தயம்; வென்றது 9. தோற்ற இரண்டில் ஒன்று வெற்றியைவிடப் பேசப்படுவது. 1917ஆம் ஆண்டு புரூக்லின் ஹேண்டிகேப்பில் 1914இன் டெர்பி வெற்றியாளர் ஓல்டு ரோஸ்பட், 1917இன் வெற்றியாளர் ஓமர் கய்யாம் இரண்டும் ரிக்ரெட்டோடு ஓடின. மூன்று டெர்பி வெற்றியாளர்கள் ஒரே களத்தில். மற்ற இரண்டையும் பின்னால் தள்ளிய ரிக்ரெட், மூக்களவு வித்தியாசத்தில் போரோ என்ற ஒன்பது வயதுக் குதிரையிடம் தோற்றது. போரோவும் விட்னியின் குதிரைதான். பண்ணைக்குத் திரும்பிய பின் ரிக்ரெட் பதினொரு குட்டிகள் ஈன்றது. அவற்றில் பெயர்சொல்லும்படி பந்தயம் வென்றது ஒன்றே ஒன்று.

அடுத்த வெற்றிக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் நல்ல பெண்குதிரைகள் இல்லாமல் இல்லை. 1924இல் நெல்லி மோர்ஸ் பிரீக்னஸை வென்றது. 1944இல் ட்விலைட் டியரும் 1945இல் புஷரும் பால் வேறுபாடின்றி ஆண்டின் சிறந்த குதிரைகளாகத் தேர்வு பெற்றன. ஆண்குதிரைகளை வென்றுதான் அந்தப் பட்டத்தைப் பெற்றன. இரண்டுமே கென்டக்கி டெர்பியில் ஓடவில்லை. 1959இல் சாண்டா அனிடா டெர்பியை வென்ற சில்வர் ஸ்பூன் லூயிவிலுக்கு வந்து ஐந்தாவதாக முடித்தது. அதன் பின் இருபத்தோராண்டுகள் டெர்பியின் தொடக்கக் கோட்டுக்கு ஒரு பெண்குதிரைகூட வரவில்லை. பெண்குதிரைப் பந்தயங்களின் எண்ணிக்கையும் பரிசும் வளர வளர, ஆண்குதிரைகளோடு மோத வேண்டிய தேவை குறைந்துகொண்டே போனது.

இந்த இடைவெளியில் நடந்த ஒரே பெரிய மோதல் டெர்பிக்கு வெளியே, நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க்கில், 1975 ஜூலை 6 அன்று நடந்தது. ரஃபியன் ஏறக்குறைய கறுப்பு நிறம்; உடலமைப்பில் ஆண்குதிரைகளை மிஞ்சியது. முதல் ஓட்டத்தையே பதினைந்து நீள வித்தியாசத்தில் வென்ற அது, பத்துப் பந்தயங்களில் பத்தையும் வென்றிருந்தது. எந்தப் பந்தயத்திலும் எந்தக் கட்டத்திலும் அதன் முன்னால் வேறொரு குதிரை ஓடியதில்லை. நியூயார்க்கில் பெண்குதிரைகளுக்கான மும்முடி எனப்படும் மூன்று பந்தயங்களையும் வென்றாயிற்று. தன் இனத்தில் அதற்கு எதிரி எஞ்சவில்லை.

அதோடு, அன்றைய அமெரிக்காவில் பெண் விடுதலைப் பேச்சு உச்சத்தில் இருந்தது. 1973இல் பில்லி ஜீன் கிங் டென்னிஸில் பாபி ரிக்ஸைத் தோற்கடித்த பரபரப்பு அடங்கியிருக்கவில்லை. பந்தய நிர்வாகம் அந்தக் காய்ச்சலைப் பயன்படுத்திக்கொண்டது. அந்த ஆண்டின் டெர்பி வெற்றியாளர் ஃபூலிஷ் பிளஷரோடு ரஃபியன் தனியே மோதுவதாக ஏற்பாடாயிற்று. ஒன்றேகால் மைல், 3,50,000 டாலர் பரிசு, தேசியத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. ஜசிந்தோ வாஸ்கெஸ் இரு குதிரைகளுக்கும் வழக்கமான ஜாக்கி. ஃபூலிஷ் பிளஷரை டெர்பி வெல்லச் செய்தவரும் அவரே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியபோது ரஃபியனைத் தேர்ந்தார்.

திடலில் 50,000 பேருக்கு மேல் கூடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடி. புறப்பட்டு மூன்றரை ஃபர்லாங் ஆனபோது ரஃபியன் அரை நீளம் முன்னால் இருந்தது. அப்போது அதன் வலது முன்னங்காலில், கணுவுக்குப் பின்புறமுள்ள இரண்டு சிற்றெலும்புகளும் நொறுங்கின. வாஸ்கெஸ் இழுத்து நிறுத்தப் பார்த்தும் அது நிற்காமல் ஓடி, காலை மேலும் சிதைத்துக்கொண்டது. இரவில் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்ததும் ஓடுவதுபோலக் கால்களை உதைத்துக் கட்டையும் உடைத்துக்கொண்டது. விடிவதற்குள் அதைக் கொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பெல்மாண்ட் திடலின் உட்புறத்திலேயே, முகம் வெற்றிக்கோட்டை நோக்கியிருக்கப் புதைத்தார்கள்.

அன்று உடைந்தது எலும்பு; பெண்குதிரை ஆணிடம் தோற்றதாகப் பொருள் இல்லை. ஆனால் அதன் விளைவு தோல்வியைவிடக் கனமாக இறங்கியது. இந்தத் தரத்தில் இரு குதிரைகள் மட்டும் மோதும் பந்தயம் அமெரிக்காவில் ஏறக்குறைய வழக்கொழிந்தது. நல்ல பெண்குதிரை வைத்திருந்தவர்களிடம் ஏற்கெனவே இருந்த தயக்கத்துக்கு இப்போது ஒரு பெயரும் ஒரு கல்லறையும் கிடைத்தன.

அந்தத் தயக்கம் உடைந்த விதம் எதிர்பாராதது. ஃபூலிஷ் பிளஷரின் பயிற்சியாளராக 1975இல் அந்தப் பந்தயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர் லீராய் ஜாலி. ஐந்து ஆண்டு கழித்து ஜெனுயின் ரிஸ்க்கைப் பயிற்றுவித்தவர் அவரே. அதன் ஜாக்கி, ரஃபியன் மேலிருந்த அதே வாஸ்கெஸ். பெர்ட்ரம், டயானா ஃபயர்ஸ்டோன் தம்பதி 32,000 டாலருக்கு வாங்கிய குட்டி அது. ஏலத்தில் அதைத் தேர்ந்தது அந்தக் குடும்பத்தின் பதினான்கு வயது மகன்.

ஜெனுயின் ரிஸ்க் ஓடிய முதல் ஆறு பந்தயங்களையும் வென்றது. எல்லாம் தன் இனத்தோடு. ஆண்குதிரைகளோடு முதல்முறை மோதிய வுட் மெமோரியலில் மூன்றாவதாக வந்தது. டெர்பி வேண்டாம் என்பதே ஜாலியின் முதல் முடிவு. உரிமையாளர்கள் விடவில்லை. 1980 மே 3 அன்று 13 குதிரைகளில் ஒன்றாக, 13க்கு 1 என்ற விலையில் இறங்கி, கடைசித் திருப்பத்தில் வெளிப்புறமாகச் சுற்றிவந்து முன்னேறி, ரம்போவை ஒரு நீளத்தில் வென்றது.

இரண்டு வாரம் கழித்து பிரீக்னஸில் நடந்தது இன்றும் தீராத வழக்கு. அதே கடைசித் திருப்பத்தில் ஜெனுயின் ரிஸ்க் முன்னேறிக்கொண்டிருக்க, முன்னால் ஓடிய கோடக்ஸை ஜாக்கி ஏஞ்சல் கொர்டேரோ வெளிப்புறமாக விலக்கிவந்தார். இரண்டும் உரசினவா, எவ்வளவு, அதனால் வெற்றி போயிற்றா என்பதில் கட்சிகள் பிரிந்தன. நடுவர்கள் முடிவை மாற்றவில்லை. உரிமையாளர்கள் மேரிலாந்து பந்தய ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்தும் பயன் கிட்டவில்லை. கோடக்ஸ் ஏறக்குறைய ஐந்து நீளத்தில் வென்றது என்பதால், உரசல் இல்லாவிட்டாலும் முடிவு அதுதான் என்று நம்ப இடமிருக்கிறது. பெல்மாண்ட் பந்தயத்தில் டெம்பரன்ஸ் ஹில்லிடம் தோற்று மீண்டும் இரண்டாவது இடம். டெர்பி, பிரீக்னஸ், பெல்மாண்ட் என்ற மும்முடியின் மூன்று பந்தயங்களிலும் முதலிரண்டு இடங்களுக்குள் வந்த பெண்குதிரை வேறில்லை.

அதன் பின்வாழ்க்கை மேலே சொன்ன இனவிருத்திக் கணக்குக்குக் கொடிய சான்று. புகழ்பெற்ற செக்ரடேரியட்டோடு சேர்த்தார்கள். குட்டி இறந்தே பிறந்தது. ஆண்டுக்கணக்கில் முயன்று, 1993இல்தான் முதல் குட்டி உயிரோடு கிடைத்தது, 1996இல் இன்னொன்று. 31 வயதுவரை, 2008வரை வாழ்ந்தும் அவ்வளவுதான். டெர்பி வென்ற ஆண்குதிரைகள் விட்டுச்சென்ற குட்டிகளை நூற்றுக்கணக்கில் எண்ணலாம்.

ஜெனுயின் ரிஸ்க்கை பிரீக்னஸில் தடுத்த கோடக்ஸின் பயிற்சியாளர் டி. வெய்ன் லூகஸ். 1988இல் அவருக்கு முதல் டெர்பி வெற்றியைத் தேடித் தந்தது ஒரு பெண்குதிரை என்பதைக் காலத்தின் குறும்பு எனலாம். வின்னிங் கலர்ஸ் சாம்பல் கலந்த நிறம், பெரிய உடல். உரிமையாளர் யூஜின் க்ளைன். சாண்டா அனிடா டெர்பியில் ஆண்குதிரைகளை ஏழரை நீளத்தில் வென்றுவிட்டுத்தான் லூயிவிலுக்கு வந்தது. ஆகவே யாருக்கும் வியப்பு இல்லை. ஜாக்கி கேரி ஸ்டீவன்ஸ், ரிக்ரெட்டின் வழியிலேயே, முதலிலிருந்து முன்னால் ஓட்டினார். முடிவில் ஃபார்ட்டி நைனர் பாய்ந்து நெருங்கியும் கழுத்தளவு மீதமிருந்தது. பிரீக்னஸில் அதே ஃபார்ட்டி நைனர் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் ஒட்டி ஓடி அதை வெளிப்புறம் தள்ளியதில் மூன்றாவது இடமே கிடைத்தது.

டெர்பிக் கோப்பையை மூன்று பெண்குதிரைகள் வென்ற கதை இத்தோடு முடிகிறது. 2008இல் எயிட் பெல்ஸ் இரண்டாவதாக வந்து, கோட்டைத் தாண்டி வேகம் குறையும்போது இரண்டு முன்னங்கணுக்களும் உடைந்து திடலிலேயே கொல்லப்பட்டது. மறுபடியும் ரஃபியன் நினைவுகூரப்பட்டது. ஆண்குதிரைகளோடு ஓடவிட்டதே பிழை என்ற குரலும் எழுந்தது. பந்தயம் முடிந்த பின் தனியே மெல்ல ஓடும்போது நேர்ந்த முறிவுக்கு எதிரியின் பாலைக் காரணமாக்குவது பொருந்தாது. 2010இல் டெவில் மே கேர் பத்தாவதாக வந்தது. அதன் பின் 2025வரை ஒரு பெண்குதிரையும் டெர்பியில் ஓடவில்லை.

இதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. இருபது இடங்களுக்கு யார் தகுதி என்பதை முன்பு தரமான பந்தயங்களில் ஈட்டிய பரிசுப் பணம் தீர்மானித்தது; பெண்குதிரைப் பந்தயங்களில் ஈட்டியதும் அதில் சேர்ந்தது. 2013 முதல் புள்ளிமுறை வந்தது. டெர்பிக்கு ஒரு வரிசை, ஓக்ஸுக்கு வேறு வரிசை. பெண்குதிரைப் பந்தயத்தில் எடுத்த புள்ளி டெர்பிக்குச் செல்லாது. டெர்பியில் ஓட விரும்பினால் குளிர்காலத்திலிருந்தே ஆண்குதிரைகளோடு மோதிப் புள்ளி சேர்த்தாக வேண்டும். ஓக்ஸ் எளிதாகக் காத்திருக்கும்போது அந்த வழியில் போகிறவர் யார்?

புள்ளிமுறைக்கு முன்பே, இக்காலத்தின் பெரிய மோதல்கள் மும்முடியின் மற்ற இரு பந்தயங்களுக்கும் கோடைக்கால, இலையுதிர்காலப் பந்தயங்களுக்கும் நகர்ந்தன. 2007இல் ரேக்ஸ் டு ரிச்சஸ் புறப்படும்போதே இடறியும், ஒன்றரை மைல் பெல்மாண்டில் கர்லினைத் தலையளவு வித்தியாசத்தில் வென்றது. 1905இன் டான்யாவுக்குப் பின் பெல்மாண்டை வென்ற முதல் பெண்குதிரை அது.

2009இல் ரேச்சல் அலெக்சாண்ட்ராவின் கதை, உரிமையாளர் மாறினால் குதிரையின் வாழ்வே மாறுவதைக் காட்டுகிறது. மே 1 அன்று கென்டக்கி ஓக்ஸை இருபது நீளத்துக்கு மேலான வித்தியாசத்தில் வென்றது. அதை வளர்த்த டால்ஃபஸ் மாரிசனுக்கு, கிளாசிக் பந்தயங்கள் நாளைய பொலிகுதிரைகளுக்கு உரியவை என்பது கொள்கை. டெர்பியில் நிறுத்தும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓக்ஸ் முடிந்த சில நாளில் குதிரையை ஒயின் வணிகர் ஜெஸ் ஜாக்சன் பங்காளியோடு சேர்ந்து வாங்கினார். அவர் கட்சி நேர் எதிரானது: சிறந்தது சிறந்ததோடு மோத வேண்டும். மும்முடிக்கு முன்பதிவே செய்யப்படாத குதிரை அது. 1,00,000 டாலர் கூடுதல் கட்டணம் கட்டி பிரீக்னஸில் சேர்த்தார். டெர்பி வென்ற மைன் தட் பேர்டின் ஜாக்கி கால்வின் போரெல் அந்தக் குதிரையை விட்டுவிட்டு ரேச்சல் அலெக்சாண்ட்ராவைத் தேர்ந்தார். மே 16 அன்று வெளிப்புறத்தில் 13ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு, முன்னால் ஓடி, பின்னாலிருந்து பாய்ந்துவந்த மைன் தட் பேர்டை ஒரு நீளத்தில் வென்றது. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நெல்லி மோர்ஸுக்குப் பின் பிரீக்னஸை வென்ற பெண்குதிரை அதுவே.

ஆகஸ்டில் ஹாஸ்கெல் பந்தயத்தில் பெல்மாண்ட் வெற்றியாளர் சம்மர் பேர்டை ஆறு நீளத்தில் வென்றது. செப்டம்பரில் சாரடோகாவில் வுட்வர்ட் பந்தயம். இம்முறை எதிரிகள் வயதில் மூத்த ஆண்குதிரைகள். தொடக்கம் முதல் நெருக்கியும் விட்டுக்கொடுக்காமல் மாச்சோ அகெய்னைத் தலையளவில் வென்றது. 1954இல் தொடங்கிய வுட்வர்டைப் பெண்குதிரை வென்றது அதுவே முதல் முறை. அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் ஐந்து வயது ஜென்யாட்டா, பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்ற முதல் பெண்குதிரை ஆனது. 20 பந்தயங்களில் 19ஐ வென்ற குதிரை அது. இரண்டும் ஒரே களத்தில் சந்திக்கவே இல்லை. 2009இன் சிறந்த குதிரை ரேச்சல் அலெக்சாண்ட்ரா, 2010இல் ஜென்யாட்டா.

அட்லாண்டிக்குக்கு அப்பால் நிலைமை வேறு. பாரிஸின் லோன்ஷான் திடலில் 1920 முதல் நடக்கும் ஆர்க் த் திரியோம்ஃப் ஐரோப்பாவின் முதன்மைப் பந்தயம். தூரம் 2,400 மீட்டர். பெண்குதிரைக்கு அங்கே சலுகை ஒன்றரைக் கிலோ. அமெரிக்காவின் ஐந்து பவுண்டைவிடக் குறைவு. இருந்தும் 1979 முதல் 1983வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதைப் பெண்குதிரைகளே வென்றன. 2008 முதல் 2018வரையான பதினொரு ஆண்டுகளில் எட்டு வெற்றி அவற்றுடையது. ட்ரெவும் எனேபிளும் இருமுறை வென்றன. குதிரை இனம் ஒன்றுதான். மாறியிருப்பது பந்தயத்தின் காலமும் உரிமையாளரின் நிலையும். ஆர்க் அக்டோபரில் வருகிறது. அதற்குள் பெண்குதிரைக் கிளாசிக்குகள் முடிந்து, தோற்றாலும் மதிப்புக் குறையாத நிலை வந்துவிடும். இளவேனிலில் பகல் நீள நீளப் பெண்குதிரைகள் பருவத்துக்கு வந்து மனம் சிதறும், இலையுதிர்காலத்தில் அது அடங்கிவிடும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் இன்னொரு காரணம். மூன்று வயதுக்கு மேலும் ஓடவிடலாம் என்பதால் முதிர்ந்த குதிரைகள் வருகின்றன. ஜப்பானிலும் இதே போக்கு: 2007இல் வோட்கா அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜப்பான் டெர்பியை வென்ற பெண்குதிரையானது, ஜென்டில்டோனா 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜப்பான் கப்பை வென்றது.

பெருந்தொற்றால் நாட்காட்டி புரண்ட 2020இல் இளவேனில் பந்தயமான பிரீக்னஸே அக்டோபருக்குத் தள்ளிப்போனது. பார்வையாளர் இல்லாத அந்தப் பந்தயத்தில் ஸ்விஸ் ஸ்கைடைவர், டெர்பி வென்ற ஆதென்டிக்கைக் கழுத்தளவில் தோற்கடித்தது. ஸ்விஸ் ஸ்கைடைவரின் பயிற்சியாளர் கென்னி மெக்பீக்கின் கையில் 2024இல் தார்ப்பீடோ அன்னா இருந்தது. மே 3 அன்று அது ஓக்ஸை வென்றது. மறுநாள் டெர்பியை வென்றது அவருடைய இன்னொரு குதிரை மிஸ்டிக் டான். ஆகஸ்டில் தார்ப்பீடோ அன்னாவை ட்ராவர்ஸில் ஆண்குதிரைகளோடு நிறுத்தினார். 1915இன் லேடி ரோதாவுக்குப் பின் எந்தப் பெண்குதிரையும் வெல்லாத பந்தயம் அது. தார்ப்பீடோ அன்னா தலையளவு வித்தியாசத்தில் ஃபியர்ஸ்னஸிடம் தோற்று இரண்டாவதாக வந்தது. அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டத்தை வாக்காளர்கள் அதற்கே கொடுத்தார்கள்.